குவியப்பறிப்புத் தடுப்பு

“குவியங்களா பேசறது?” என்று கேட்டது போனில் ஒரு பெண் குரல்.

காலை ஒன்பது மணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், பின்னல் மெஷினை ஓட்டும் பழைய லினக்ஸ் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். என் பெயர் மேகலா. வயது ஐம்பத்தாறு. ‘மேகலாக்கா’ என்பார்கள், ‘கம்ப்யூட்டரம்மா’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘சிடுமூஞ்சி’ என்பார்கள். குவியம் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.

“ராங் நம்பருங்க.”

“வெச்சுடாதீங்க்கா! எங்கண்ணன் போன்ல இந்த நம்பருக்குக் குவியம்னுதானுங்க பேர் போட்டிருக்குது. ஆஸ்பத்திரியில குடுத்த ரிப்போர்ட்ல ‘குவியம் கிடைக்கவில்லை, குவியம் கிடைக்கவில்லை’ன்னு பக்கம் பக்கமா இருந்துச்சுங்க. அப்படின்னா என்னன்னே எனக்குத் தெரியல. அண்ணன் போன்ல அந்த வார்த்தையைப் போட்டுத் தேடுனேன். உங்க நம்பர் வந்துச்சு.”

“உங்கண்ணன் யாருங்க?”

“திருமூர்த்திங்க. உடுமலை கோர்ட்ல டைப்பிஸ்ட்டா இருந்தாரு. கல்யாணம் பண்ணிக்கலீங்க. நான் அவரு தங்கச்சி, சாந்தாமணி.”

கையிலிருந்த திருப்புளி மெஷினுக்குள் விழுந்துவிட்டது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

குவியம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் திரையில் நாலைந்து சாளரங்கள் திறந்திருக்கும். நீங்கள் தட்டும் எழுத்தும் மவுஸில் அழுத்தும் சொடுக்கும் அவற்றில் ஏதாவது ஒன்றுக்குத்தான் போய்ச் சேரும். இப்போது எந்தச் சாளரம் உங்கள் கைக்குக் காது கொடுக்கிறதோ, அதனிடம் ஃபோகஸ் இருக்கிறது என்பார்கள். அந்த ஃபோகஸுக்குக் குவியம் என்று தமிழில் பேர் வைத்தவள் நான்தான். அந்தக் காலத்தில், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் தமிழாக்க ஒரு குழு இருந்தது. பெயருக்குப் பதினோரு பேர். உட்கார்ந்து வேலை செய்தவர்கள் இரண்டே பேர், நானும் திருமூர்த்தியும். நான் எழுதுவேன், அவர் சரிபார்ப்பார். வரி பிடித்திருந்தால் கீழே ‘சரி’ என்று எழுதுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பாராட்டு வராது, கஞ்சன். பிடிக்காவிட்டாலும் ஒரே சொல்தான்: ‘உருபு?’

பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஐ, கு, இடமிருந்து. யார் யாரை, யார் யாருக்கு, யார் யாரிடமிருந்து என்று காட்டுகிற குட்டி ஒட்டுகள். அவற்றை விழுங்கிவிடுவது என் வழக்கம். சொற்களை ஒன்றோடொன்று கோத்து, நறுக்கென்று, கம்பீரமாக எழுதினால்தான் எனக்குத் திருப்தி. தமிழ் படித்தவனுக்குத் தானாகப் புரியும் என்பேன். எட்டு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு வரி வந்தது. முழுத்திரையாக ஒரு சாளரம் ஓடும்போது, வேறு எந்தச் சாளரமும் அதனிடமிருந்து குவியத்தைத் தட்டிப் பறிக்காமல் காப்பதற்கான ஒரு டிக் பெட்டி. அதற்கு நான் ‘முழுத்திரைச் சாளரக் குவியப்பறிப்புத் தடுப்பு’ என்று எழுதினேன். கல்வெட்டு மாதிரி நிற்கிறதல்லவா?

‘உருபு? யார் பறிக்கிறாங்க? யார்கிட்ட இருந்து?’ என்று கேட்டார்.

மாற்ற முடியாது என்றேன். நாற்பத்தொரு மடல் சண்டை. கடைசியில் மூக்குக்கு மேல் கோபம் வந்து, குழுவுக்கு ஒரு மடல் போட்டேன்: ‘பிடிக்கவில்லை. விலகுகிறேன்.’ ஐந்து நிமிஷத்தில் எனக்கு மட்டும் தனியாக அவரிடமிருந்து பதில் வந்தது. ஒரே சொல். ‘உருபு?’

போகிறவளிடம்கூட நக்கலா? அவர் முகவரியிலிருந்து மடல் வராதபடி அடைத்தேன். நம்பரை அழித்தேன். இவ்வளவுக்கும் அந்த மனுஷன் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. எட்டு வருஷத்தில் நேரில் பார்த்தது நாலே தடவை. உடுமலை பஸ் ஸ்டாண்டில் இளநீர் குடித்துக்கொண்டு, பொள்ளாச்சி பஸ்கள் மூன்றைப் போக விட்டுவிட்டு அச்சுப்பிழைகளைப் பற்றிப் பேசினோம். ஆசையை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதையும் அவராகவே புரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். அப்புறம் எனக்கு ஒரு கல்யாணம் நடந்தது, நாலு வருஷத்தில் முடிந்தது, அதற்கு இந்தக் கதையில் இடமில்லை. திருமூர்த்தி கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதைப் பத்தொன்பது வருஷம் கழித்து இந்தப் போனில்தான் தெரிந்துகொண்டேன்.

“அண்ணனுக்கு என்னங்க ஆச்சு?”

“வாங்க்கா, நேர்ல சொல்றனுங்க. இன்னிக்கு நாலு மணிக்குள்ள வந்துருங்க. நாலு மணிக்கு மேல வந்து பிரயோஜனமில்லீங்க.”

பதினொன்றரைக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

அறை வாசலிலேயே சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயதுக்காரி, அண்ணனின் அதே அகலமான நெற்றி. உள்ளே டாக்டர் ஜெனிட்டா என்ற சின்ன வயது டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கட்டிலில் திருமூர்த்தி. முடியெல்லாம் போய்விட்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவர் முகத்துக்கு நேரே ஓர் இரும்புக் கையில் பெரிய திரை தொங்கியது. அவரால் பார்க்க முடிந்தது அது ஒன்றைத்தான். நான் சுவரோரமாக நடந்து திரைக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் கண்ணெதிரே போக எனக்குத் தைரியமில்லை.

“ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி மூளைத்தண்டுல ஸ்ட்ரோக் மேடம்,” என்றார் டாக்டர். “மூளையில இருந்து உடம்புக்குப் போற வழி மொத்தமும் அடைபட்டுப் போச்சு. கண்ணைக்கூட அசைக்க முடியாது. ஆனா விரலை அசைக்கணும்னு மூளை நினைக்கறது நிக்காது. அந்த நினைப்பைப் பிடிக்கத்தான் உள்ள இழைகள் வெச்சிருக்கோம். முடியைவிட மெல்லிசு. டைப் அடிக்கறதா அவர் நினைச்சா திரையில எழுத்து வரணும். மணிக்கட்டைத் திருப்பறதா நினைச்சா மவுஸ் அம்பு நகரணும்.”

“வரலையாக்கும்.”

“இழை வெச்சு பதினொரு மாசம் ஆச்சு. ஒரு எழுத்து வரல. அம்பு ஒரு இஞ்ச் நகரல. கம்பெனியில இருந்து மூணு தடவை ஆள் வந்து பாத்தாங்க. மெஷின் நல்லா இருக்கு, ‘குவியம் கிடைக்கவில்லை’ன்னு அது காட்டறது பேஷன்ட் மனசு குவியலைங்கறதைத்தான், இழையில வர்றது வெறும் மூளை இரைச்சல், பேஷன்ட்டுக்கு நினைவு இல்லைன்னு எழுதிட்டாங்க. நாலு மணிக்கு மூணு டாக்டர்கள் உக்காந்து முடிவு பண்ணுவாங்க. பதில் இல்லைன்னா நாளைக்கு இழையை எடுத்துடுவோம். அப்புறம் நினைவில்லாதவங்க வார்டு. அங்க யாரும் அவர்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க.”

“எங்கண்ணன் உள்ள இருக்கறாருங்க்கா,” என்றாள் சாந்தாமணி. “சாயங்காலம் நான் போன்ல சீரியல் போட்டனுங்கன்னா அவரு மூஞ்சி மாறும்.”

“மாறாதும்மா,” என்றார் டாக்டர் மெதுவாக.

“மாறும். நீங்க பாக்கறதில்ல.”

இதற்கு மேல் பேசிக்கொண்டிருந்தால் அழுதுவிடுவேன் என்று வேலையில் இறங்கினேன்.

பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். திரையில் முழுசாக ஒரே சாளரம், பேச்சுப்பலகை. நடுவில் எழுத்து வந்து விழ வேண்டிய பெரிய வெள்ளைப் பரப்பு, அதில் அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். மேசை மேல் இருந்த நிஜ மவுஸைத் தொட்டேன். அம்பு சமர்த்தாக ஓடியது. ‘ஆம்’ மேல் சொடுக்கினேன், பச்சையானது. விசைப்பலகையில் தட்டினேன், தமிழ் எழுத்து விழுந்தது. எல்லாம் கச்சிதம்.

“இதைத்தான் அவங்களும் செஞ்சாங்க,” என்றார் டாக்டர்.

“மூணு தடவையும் இப்படித்தான் கையை வெச்சு நோண்டிப் பாத்தாங்களா?”

“பின்ன எப்படிப் பாக்கறது?”

“கையைக் கட்டிக்கிட்டுப் பாக்கணும்.”

குவியச் சிக்கலில் இது ஒரு தொல்லை. நாம் தொட்ட உடனே சாளரம் குவியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்கும். நாம் நகர்ந்தபின் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். அந்தக் கணினியைத் தொடாமல், என் மடிக்கணினியிலிருந்து வலை வழியாக அதற்குள் நுழைந்து, ‘இப்போது குவியம் யாரிடம்’ என்று நொடிக்கு ஒருதரம் எழுதச் சொல்லி இரண்டு வரிக் கட்டளை போட்டேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பலகை. பலகை. பலகை. பலகை.

நாலு நிமிஷம் இதே பாட்டு. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “என்னுங்க்கா, ஒண்ணுமில்லீங்களா?” என்றாள் சாந்தாமணி. நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன்.

பலகை. பலகை. குறிப்பேடு. குறிப்பேடு. குறிப்பேடு.

எழுந்து திரையைப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். பேச்சுப்பலகை அப்படியேதான் நின்றது. கறுப்புக் கட்டம் மட்டும் உள்ளே வெறுமையாகி, வெறும் கோடாக இருந்தது. குவியம் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தெரிந்தவர்கள் கண்ணுக்கு மட்டும் படும்.

“டாக்டர், குறிப்பேடுன்னு ஒண்ணு இதுக்குப் பின்னாடி ஓடுதே, அது என்ன?”

“அதுவா? சிக்னல் வரும்போதெல்லாம் நேரமும் அளவும் குறிச்சு வைக்கற சாதாரண எழுத்துக் கோப்பு. கம்பெனி ஆளு திறந்து வெச்சாரு. பின்னாடி அது பாட்டுக்கு இருக்கும்.”

“அது பாட்டுக்கு எங்க இருக்குது? இவர் விரலை நினைச்ச உடனே சிக்னல் வருது. சிக்னல் வந்த உடனே அது முழிச்சுக்கிட்டு குவியத்தைப் புடுங்கிக்குது. முழுத்திரைக்குப் பின்னாடி நின்னு புடுங்கறதால யார் கண்ணுக்கும் தெரியல. மவுஸும் அதுகிட்ட, எழுத்தும் அதுகிட்ட. இவரு தட்டற ஒவ்வொரு எழுத்தும் அங்கதான் போய் விழும்!”

டாக்டர் என் பக்கம் நகர்ந்து வந்தார். “அந்தக் கோப்பை நாங்க வாராவாரம் பாக்கறோமே மேடம். அதுல எழுத்து எதுவும் இல்லையே. நேரம், அளவு, அப்புறம் என்னமோ சங்கேதக் குறி. மெஷின் போடற சங்கேதம்னு நினைச்சோம்.”

“காட்டுங்க.”

என் மடிக்கணினியில் கோப்பைத் திறந்தேன். ஆயிரக்கணக்கான வரிகள். ஒவ்வொரு வரியிலும் நேரம், சிக்னல் அளவு, அதற்கப்புறம் ஆங்கில எழுத்துக் குப்பை. வாயில் நுழையாமல், நடுநடுவே அரைப்புள்ளியும் சாய்கோடுமாக. வெறும் இரைச்சல் என்று கம்பெனிக்காரன் எழுதியதில் ஆச்சரியமில்லை. டாக்டரின் தலைமுறை விசைப்பலகையையே தொடாத தலைமுறை, எல்லாம் வாயால் சொல்லி வேலை வாங்குவார்கள். அவர்களுக்கு அது குப்பைதான்.

எனக்கோ மூன்றாவது வரியிலேயே விரல் நுனிகள் துடித்தன.

hdvs'kf

நடுவில் ஒற்றைக் கொக்கி போட்ட இந்த ஏழு விசைகளை எட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பேன். கண்ணுக்கு அது குப்பை. விரல்களுக்கு அது குவியம்.

“டாக்டர், இது சங்கேதம் இல்ல. தமிழ்! பலகைக்குத் தமிழ்99 விசை அமைப்பு போட்டிருக்கீங்க. குறிப்பேட்டுக்குப் போடல, அது ஆங்கிலத்திலேயே நிக்குது. அவரு தமிழ்ல தட்டறாரு, அது ஆங்கில எழுத்தா விழுது. கவைத் தட்டினா எச், மவைத் தட்டினா கே. விசை ஒண்ணுதான்.”

“எல்லாமேவா?” என்றார் டாக்டர்.

மாற்றிப் படிக்க நிரல் எழுதலாம். எனக்கு அதற்குப் பொறுமையில்லை. விரல்களை மடியில் வைத்து அசைத்துக்கொண்டே சத்தமாகப் படித்தேன். முதல் நாள், முதல் வரி: sbh smdhhtif.

“இங்க இருக்கேன்.”

சாந்தாமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“படிங்க்கா. நிறுத்தாதீங்க.”

“‘சாந்தா, குவியம் பலகையில இல்ல. கட்டம் வெறுமையா இருக்கு பாரு. பின்னாடி ஏதோ சாளரம் பறிக்குது.’ இது முதல் நாள். ‘டாக்டர்கிட்ட சொல்லு, குவியம்.’ இது ரெண்டாம் நாள். நாப்பது தடவை எழுதியிருக்காரு.”

மற்றவர்களைப் போல ‘தண்ணி’ என்றோ ‘வலி’ என்றோ அவர் தொடங்கவில்லை. பலகையைப் பார்த்த நிமிஷமே பழுது எங்கே என்று கண்டுபிடித்து, பழுதறிக்கை எழுதியிருக்கிறார். அதைத் தான் எந்தச் சாளரத்துக்குள் எழுதுகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பதினொரு மாதம் காற்றில் எழுதுகிறோம் என்றே நினைத்திருப்பார். ஆனாலும் நிறுத்தவில்லை, பாவி மனுஷன்.

“‘இடது கால் மடங்கி இருக்கு. வலிக்குது.’ ‘கண்ணுக்கு விடற மருந்து எரியுது, மாத்தச் சொல்லு.’ இது மூணாவது மாசம். ‘சாந்தா, சாப்ட்டியா?’ இது தினமும் இருக்கு. அப்புறம்...” எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “‘சாந்தா, அந்த சீரியலை நிறுத்து. தாங்கல.’”

“ஐயோ அண்ணா!” என்று சாந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். “பாத்தீங்களா டாக்டர், நான் சொன்னனுங்களா? மூஞ்சி மாறுச்சுங்களா இல்லியா?”

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

ஆறாவது மாதத்தில் ஒரு நீண்ட பகுதி இருந்தது. அதையும் சத்தமாகவே படிக்கத் தொடங்கினேன். “‘யாராவது இதைப் பாத்தா: அமைப்புகள், சாளரங்கள், கடைசிப் பக்கம். முழுத்திரை பத்தி ஒரு வரி இருக்கும். பெட்டியில டிக் இருக்காது. டிக் போடுங்க. டிக்கை எடுத்தவன் மேல தப்பில்ல. அந்த வரி மேகலா எழுதினது...’”

அங்கே நின்றுவிட்டது என் குரல்.

“மேகலான்னா யாருங்க்கா?”

சாந்தாமணிக்கு என்னைக் குவியம் என்று மட்டும்தானே தெரியும். லினக்ஸில் ஓடிய அந்தக் கணினியின் அமைப்புகளை என் மடிக்கணினியில் திறந்தேன். சாளரங்கள். கடைசிப் பக்கம். பத்தொன்பது வருஷமாக ஒருவரும் கை வைக்காமல், கல்வெட்டு மாதிரியே நின்றது: முழுத்திரைச் சாளரக் குவியப்பறிப்புத் தடுப்பு. பக்கத்தில் பெட்டி காலி.

“டாக்டர், இதை வாசிச்சா என்ன அர்த்தம் தெரியுது உங்களுக்கு?”

அவர் இரண்டு தடவை வாசித்தார். “முழுத்திரைச் சாளரம் போய்க் குவியத்தைப் பறிக்கும், அதைத் தடுக்கற பட்டன். இல்லையா? நமக்கு முழுத்திரைக்குத்தானே குவியம் வேணும். எதுக்குத் தடுக்கணும்? அதான் கம்பெனி ஆளு டிக்கை எடுத்திருப்பாரு.”

“நேர்மாறு. முழுத்திரைகிட்ட இருந்து மத்தது பறிக்காம தடுக்கறதுக்கு இது. இடமிருந்துன்னு ஒரு உருபு போட்டிருந்தா அந்த ஆளு கை வெச்சிருக்கவே மாட்டான்.”

டிக் போட்டேன். குறிப்பேட்டிடமிருந்து குவியம் பலகைக்குத் திரும்பியது. கட்டம் கறுப்பாக நிறைந்து சிமிட்டத் தொடங்கியது. பதினொரு மாதத்து ஊமைத்தனத்தைத் தீர்க்க ஒரு சொடுக்கு போதுமாயிருந்தது.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கும்பிட்டு வழியனுப்பியிருப்பார்கள். ஒரு நிமிஷம் அந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

“சாந்தாமணி, மேகலா நான்தான். இந்த வரியை எழுதினது நான். இது புரியாது, திருத்துங்கன்னு உங்கண்ணன் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. எனக்குத் திமிர். திருத்தல.”

அவள் என்னையே பார்த்தாள். “பதினொரு மாசங்க்கா,” என்றாள். “கால் மடங்கி வலிக்குதுன்னு சொல்லியிருக்கறாரு. நான் பக்கத்துலயே உக்காந்து சீரியல் பாத்திருக்கறேன்.” எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னால் போய்க் கையைப் பிடிக்கத் துணிச்சல் வரவில்லை. திரும்பி வர இருபது நிமிஷம் ஆனது. முகம் கழுவியிருந்தாள்.

“மேகலா எழுதினதுன்னு பாதியில நிறுத்திட்டீங்களே. அதுக்கப்புறம் அண்ணன் என்ன எழுதியிருக்கறாரு?”

படித்தேன். “‘அவங்களத் திட்டாதீங்க. கூப்பிட்டா வருவாங்க.’”

“சரி. அவரே சொல்லிட்டாருங்க,” என்று மூக்கை உறிஞ்சினாள்.

அதற்கும் அடுத்த வரியை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அது இதுதான்: ‘பிடிக்கவில்லைன்னு எழுதிட்டுப் போனாங்க. எதைன்னு எழுதல. வரியையா, என்னையா? கேட்டேன். பதில் வரல.’

நாலு மணிக்கு டாக்டர்கள் வந்தார்கள். மூவரில் மூத்தவர் கட்டிலருகே குனிந்து, “திருமூர்த்தி, உங்க தங்கச்சி பேர் என்ன?” என்று கேட்டார். ஓர் எழுத்துக்கு நாலு, ஐந்து நொடி ஆனது. வெள்ளைப் பரப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

சாந்தாமணி. கால்.

டாக்டர் ஜெனிட்டா ஓடிப்போய்ப் போர்வையை விலக்கி, இடது காலை நீட்டி வைத்தார். அம்பு நடுங்கி நடுங்கி நகர்ந்து ‘ஆம்’ பொத்தானைத் தொட்டது. பச்சை. இழையை எடுப்பதில்லை என்று மூவரும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். சாந்தாமணி எல்லாரையும் கும்பிட்டாள், என்னையும் சேர்த்து.

“இனிமே அண்ணன் எப்பவும் பேசுவாருங்களா?”

டாக்டர் ஜெனிட்டா எங்கள் இருவரையும் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். “அம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கோம், இழை ஒரு வருஷம்தான் தாங்கும்னு. மூளை அதைச் சுத்தி மெதுவா தோல் மாதிரி மூடிக்கும். ஆரம்பத்துல சிக்னல் அளவு தொண்ணூறு. இன்னிக்கு இருபது. பத்துக்குக் கீழ போனா எழுத்து வராது. மூணு வாரம் இருக்கும். கூடினா நாலு. அதே இடத்துல மறுபடியும் வைக்க முடியாது.”

அந்த மனுஷனுக்குக் கிடைத்ததே பன்னிரண்டு மாதப் பேச்சு. அதில் பதினொன்றை நான் விழுங்கியிருக்கிறேன், ஓர் உருபோடு சேர்த்து.

“மூணு வாரமாச்சும் இருக்குதுங்களே,” என்றாள் சாந்தாமணி. அவளுக்கு அழ நேரமில்லை. வலிக்கிற இடம் எது, எந்த மருந்து எரிகிறது, என்ன பாட்டு வேண்டும் என்று கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, “போங்க்கா, போய் அவரு கண்ணுக்கு முன்னாடி நில்லுங்க. காலையில இருந்து திரைக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறீங்க,” என்றாள்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. திரையைக் கொஞ்சம் ஒதுக்கி, அவர் பார்வையில் விழும்படி நின்றேன். நரைத்த தலை, கண்ணாடி, பனியன் கம்பெனி எண்ணெய்க் கறை படிந்த சுடிதார். அடையாளம் தெரிந்ததா என்று அந்த முகத்தில் படிக்க வழியில்லை.

“நான் மேகலா.”

அம்பு நகர்ந்து ‘ஆம்’ மேல் நின்றது.

“எழுத்தை வீணாக்காதீங்க. சாந்தாவுக்குச் சேத்து வைங்க. நான் பேசறேன், நீங்க கேளுங்க.” மடிக்கணினியை அவர் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, பழைய மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். அவர் பார்த்திருக்கப் புதிதாக எழுதினேன்: முழுத்திரைச் சாளரத்திடமிருந்து பிற சாளரங்கள் குவியத்தைப் பறிப்பதைத் தடு. “நீளம்தான். கம்பீரமும் இல்ல. ஆனா புரியும். அனுப்பிடறேன்.”

பச்சை.

“மன்னிச்சுடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. பதினொரு மாசத்துக்கு என்ன மன்னிப்பு இருக்கு? கோப்பு முழுக்கப் படிச்சேன். அந்தக் கடைசி மடல்ல நீங்க கேட்டிருந்தது நக்கல்னு நினைச்சேன். அதான் பதில் போடல.” “அன்னிக்குப் பிடிக்கவில்லைன்னு எழுதினது பொய். பிடிக்கும்.”

கட்டம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாக எழுத்து வந்தது. உ. எனக்குப் புரிந்துவிட்டது. ரு. வேண்டாங்க, எழுத்து வீணாகுது என்று கத்தலாமா என்றிருந்தது. பு. கேள்விக்குறிக்கு அவருக்குப் பன்னிரண்டு நொடி ஆனது.

உருபு?

பத்தொன்பது வருஷமாகப் பதில் போடாத மடல் அது. மேசை மேல் இருந்த விசைப்பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் வரிக்குக் கீழே, அதே பலகையில், ஒன்றையும் விழுங்காமல் தட்டினேன்.

எனக்கு உங்களைப் பிடிக்கும்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குவியம் பலகையிலேயே இருந்தது. வெயில் கட்டிலிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. சாந்தாமணி தாளோடு வாசலில் வந்து நின்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றாள்.

ச, என்று வந்தது. அப்புறம் ரி.